ஜோடி மாறிய செருப்பு

வாசலில் கழற்றி விட்டிருந்த செருப்பு இரண்டும் ஒரே ஜோடி இல்லை. வலது காலுக்கு நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது காலுக்குப் பழுப்பு நிறத் தோல் செருப்பு, அரை அங்குலம் கூடுதல் உயரம். இதைப் போட்டுக்கொண்டு வில்லிவாக்கத்தில் பஸ் ஏறி, நடுவில் ஒரு பஸ் மாறி, மேற்கு மாம்பலத்தில் இறங்கி, என் வீட்டு மாடிப்படி 22-ஐயும் ஏறி வந்திருக்கிறார் அந்த அம்மா. நடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை.

படி 22 என்றதும் டாரட் பார்க்கிற யாருக்கும் மனம் கொஞ்சம் துள்ளும். டாரட் கட்டில் பெரிய அட்டைகள் 22. வெறும் தற்செயல்தான். ஆனால் இந்த மாதிரித் தற்செயலுக்கெல்லாம் அர்த்தம் கற்பித்தே வாடகை கட்டுகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. ஆரம்பத்தில் நானும் வந்தவர்களிடம் அதைச் சொல்லிக் கண்ணை விரிய வைத்திருக்கிறேன்.

ஐ.டி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு 13 வருடமாக இதைப் பார்க்கிறேன். முன்னறையில் ஒரு பிரம்பு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா. டப்பா மூன்றாவது மாதம் வாங்கியது. வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், அதனால் வாங்கினேன்.

செருப்பைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் தாத்தா. வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஜாதகம் பார்த்தவர். "கட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம் பாப்பா. முதல்ல வாசல்ல கெடக்குற செருப்பைப் பாரு. ஒழுங்கா சேத்து விட்டிருந்தா கல்யாணப் பொருத்தம் பாக்க வந்திருக்காங்க. ஆளுக்கொரு திசையில கெடந்தா வீட்டுல சண்டை. ஜோடி மாறிக் கெடந்துச்சுன்னா ஓலையத் தொடாத. தண்ணி குடு."

அவரிடம் யாராவது ஆயுளைப் பற்றிக் கேட்டால் வெற்றிலைச் செல்லத்தை இழுத்துக்கொள்வார். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டு, கேட்டவருக்கே கேள்வி மறக்கும்வரை வாய் திறக்கமாட்டார். எனக்கு அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. சொல்லத் தெரியாததை மறைக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

அந்த அம்மா தண்ணீர் குடித்தார். ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஸ்கேன் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். கவரின் ஓரம் வியர்வையில் நைந்திருந்தது.

"மார்புல கட்டிங்க மேடம். ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்ங்கறாங்க. ஊசி பட்டா பரவிடும்னு எங்க நாத்தனார் சொல்றாங்க. பண்ணலாமா வேண்டாமான்னு ஒரே ஒரு கார்டு எடுத்துச் சொல்லிடுங்க. நீங்க சொல்றபடி செஞ்சுடறேன்."

நீங்க சொல்றபடி செஞ்சுடறேன். இந்தத் தொழிலில் இதைவிடப் பயங்கரமான வாக்கியம் ஒன்றை நான் கேட்டதில்லை. முதல் சில வருடங்கள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் நம்பி வந்தது எதை? ஒரு சீட்டுக்கட்டை. டாரட் பிறந்தது சீட்டாட்டமாகத்தான். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலானை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பத்தார் தங்கத்தகடு ஒட்டிய அட்டைகளை ஓவியர்களை வைத்து வரைவித்து விளையாடினார்கள். நம் ஊர் 304 ஆட்டத்தில் துருப்பு இறக்கி வெட்டுகிறோமே, அந்த மாதிரி வெட்டுகிற துருப்புச் சீட்டுகள்தாம், முட்டாள் அட்டை நீங்கலாக, இன்றைக்கு நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசும் பெரிய அட்டைகள். மரணமும் துருப்பு, சூரியனும் துருப்பு. முந்நூறு வருடத்துக்கும் மேல் அதை வைத்துப் பெரும்பாலும் ஆட்டம்தான் ஆடினார்கள்.

1781-ல் பாரிஸில் கூர் த ஜெபெலின் என்ற பாதிரியார், இது சீட்டே இல்லை, பண்டைய எகிப்தின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை அன்றைக்கு உலகத்தில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. ஷாம்போலியன் அதைப் படித்துக் காட்டியது 1822-ல். அதாவது, யாராலும் சரிபார்க்க முடியாத ஒன்றை அடித்துச் சொல்வதிலிருந்து எங்கள் தொழில் தொடங்குகிறது. அவரைத் தொடர்ந்து அல்லியெத் என்றொருவர் அட்டை பார்ப்பதையே பிழைப்பாக்கிப் பெயர் வாங்கினார். தன் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக்கி எத்தெய்லா என்று போட்டுக்கொண்டார். போர்டில் ஒரு மாயம் வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. என் விசிட்டிங் கார்டிலும் ஒரு பிறைநிலா இருந்தது. அதனால் அவரை ரொம்பக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கில்லை.

இன்று எங்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது 1909-ல் லண்டனில் வெளிவந்த கட்டு. சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட், வெளியிட்டது ரைடர் கம்பெனி, வரைந்தது பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். கட்டுக்குப் பெயர் ரைடர்-வெயிட் என்றே நிலைத்துவிட்டது. வரைந்தவள் பெயர் நெடுங்காலம் அதில் ஏறவில்லை. பெரிய வேலை, சொற்பக் கூலி என்று அவர் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1951-ல் ஏழையாக இறந்தார். அந்தப் படங்களை வைத்துக்கொண்டுதான் நாங்கள் எல்லோரும் மணிக்கணக்கில் சம்பாதிக்கிறோம்.

ஆனால் என்ன கை அது! ஒன்பது வாள் என்ற அட்டையைப் பாருங்கள். நடுராத்திரி. ஒருத்தி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடியிருக்கிறாள். பின்சுவரில் இருட்டுக்குள் ஒன்பது வாள். ஒன்றுகூட அவளைத் தொடவில்லை. போர்த்தியிருக்கும் விரிப்பில் ரோஜாப்பூ. அந்த அட்டையைத் திருப்பி வைத்தால் பத்தில் ஒருவராவது "இது நான்தான்" என்று சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அட்டைக்கு அவர்களைத் தெரியும் என்பதால் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்காராத மனிதர் யார்?

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தை எழுதிக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகு விஷயத்தை உடைத்தார்: 39 பேருக்கும் கொடுத்தது ஒரே தாள், கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோர்த்தது. இன்னொருவர் ரே ஹைமன். இளைஞராக இருந்தபோது கைரேகை பார்த்துக் காசு சம்பாதித்தவர், பிற்பாடு உளவியல் பேராசிரியர் ஆனார். ரேகை சாஸ்திரத்தை முழுசாக நம்பியவரிடம் ஒரு மூத்த வித்தைக்காரர், ரேகைக்கு நேர் எதிரானதைச் சொல்லிப் பார் என்றார். சொன்னார். வந்தவர்கள் முன்பைப் போலவே அசந்து போனார்கள்.

இந்த இரண்டு கதையையும் எங்களைக் கவிழ்ப்பதற்காகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்ள ரொம்ப நாள் ஆனது. எதைச் சொன்னாலும் பொருந்திக்கொள்ளும் என்றால், எதைச் சொல்கிறோம் என்பது முழுக்க முழுக்க நம் பொறுப்பாகிவிடுகிறது. பழியைப் போட அங்கே வேறு ஆளில்லை. "கார்டு சொல்லுது" என்று பேசுவது எங்கள் தொழிலின் முதல் பாடம். எவ்வளவு சௌகரியமான இலக்கணம் பாருங்கள். எழுவாய் மேஜைமேல் கிடக்கிறது, அதற்கு வாயில்லை, நாளைக்கு அதைக் கேட்கவும் முடியாது. வாய் என்னுடையது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

தொழிலுக்கு வந்த நாலாவது வருடம், ஒரு பெண் வந்தாள். முப்பதுக்குள் வயது. முன்னாடியே வந்திருக்கேன் மேடம் என்றாள். எனக்கு முகம் நினைவில்லை, ஆனாலும் "ஆமாமா, உட்காருங்க" என்றேன். அவள் போனை மேஜையில் வைத்து ஒரு பதிவை ஓடவிட்டாள். என் குரல். பின்னால் எங்கள் வீட்டுக் குக்கர் விசில்.

"சிக்ஸ் ஆஃப் கப்ஸ் வந்திருக்கு பாருங்க. பழைய உறவு திரும்பி வரும்னு கார்டு சொல்லுது. நம்பர் ஆறு இல்லையா, ஆறு மாசம் டைம் குடுங்க."

அப்புறம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறேன். அவளும் சிரிக்கிறாள். மொத்தம் 43 விநாடி.

அந்த 43 விநாடியை அவள் 14 மாதமாக ராத்திரி தூங்கப் போகுமுன் கேட்டிருக்கிறாள். ஆறு மாதம் முடிந்தபோது நான் தப்பாகச் சொல்லிவிட்டதாக அவள் நினைக்கவில்லை. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில் தனக்குத்தான் பிசகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். பார்த்த நாளிலிருந்தா, அவன் கடைசியாகப் பேசிய நாளிலிருந்தா, தன் பிறந்தநாளிலிருந்தா? இரண்டு வரன்களைத் தட்டிக் கழித்திருக்கிறாள். புனேவுக்கு வந்த மாற்றலை வேண்டாம் என்றிருக்கிறாள், அவன் தேடி வரும்போது தான் ஊரில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று. முந்தின வாரம் அவனுடைய கல்யாணப் படத்தை யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். அதையும் காட்டினாள். காட்டிவிட்டுக் கேட்டாள்: "இது டெம்பரரியா மேடம்? ஒரு கார்டு பாருங்களேன்."

சண்டை போட்டிருந்தால் தேவலை. காசைத் திருப்பிக் கேட்டிருந்தால் இன்னும் தேவலை. அவள் இன்னொரு தடவை நம்ப வந்திருந்தாள்.

அன்று நான் செய்த காரியம் எதுவும் பெருமைப்படும்படி இல்லை. மன்னிப்பு கேட்டேன். என்னத்துக்கு என்று அவளுக்குப் புரியவில்லை. அட்டையின் எண்ணை வைத்து மாதக் கணக்குச் சொல்வது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம், அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். வேறு ஆளிடம் போய்ப் பார்த்திருப்பாள் என்றே நினைக்கிறேன். படியிறங்கிப் போன பிறகு வெகுநேரம் நான் தேடிக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: அந்த வாக்கியத்தை நான் சொன்ன நாள். மழையா வெயிலா, குக்கரில் என்ன வெந்தது, அடுத்து யார் வந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் 14 மாதம் குடியிருந்த வீட்டை நான் கட்டியதே எனக்கு ஞாபகமில்லை.

தாத்தாவின் வெற்றிலை அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சொல்லத் தெரியாமல் மென்றவர் அவர் இல்லை. தான் சாயங்காலம் மறந்துவிடப் போவதை, கேட்டவன் ஆயுசு முழுக்கச் சுமப்பான் என்று தெரிந்து மென்றவர். ஊரில் குடுகுடுப்பைக்காரர் விடியலில் வந்து முதல் வார்த்தையாக நல்ல காலம் பொறக்குது என்பார். சின்ன வயதில் அது வெறும் தொழில் தந்திரமாகத் தோன்றும். அரைத்தூக்கத்தில் இருக்கிற வீட்டுக்குள் முதலில் எந்தச் சொல்லை அனுப்புவது என்று யாரோ ஒரு பழைய ஆள் யோசித்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தெருமுனையில் ஒரு அடகுக்கடை இருக்கிறது. காலையில் ஷட்டர் தூக்கும் முன்பே இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். நகையை வைப்பவரின் அவசரம் ஒரு மாதிரி, மீட்க வருபவரின் முகம் வேறு மாதிரி. வட்டி கட்ட முடியாமல் கெடு தாண்டிவிட்டால் "நகை மூழ்கிப்போச்சு" என்பார்கள். எவ்வளவு துல்லியமான சொல். நகை கடைக்குள்ளேயேதான் இருக்கும், ஆனால் மூழ்கிவிட்டது.

என்னிடம் வருகிறவர்கள் எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ள வருவதாகத்தான் சொல்கிறார்கள். 13 வருடம் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது, அவர்கள் ஒரு முடிவை அடகு வைக்க வருகிறார்கள். தூக்கிச் சுமந்து கை ஓய்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் யாராவது வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அந்தப் பெண் வைத்துவிட்டுப் போனது, அவனை விடுவதா காத்திருப்பதா என்ற முடிவு. நான் அதை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டேன். அது மூழ்கிவிட்டது. ஒருவர் முடிவெடுக்கிற சக்தியை இழந்து நிற்கும் நேரத்தில் நம் சொல்லுக்கு வருகிற பலம் நம்முடையதே இல்லை. அவர் இறக்கி வைத்த பலம்தான் அது, நம் குரலில் திரும்பிப் பேசுகிறது. அதை நம் ஞானம் என்று நினைத்த நிமிஷமே பிறத்தியார் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஆகிவிடுகிறோம்.

இப்படிப் பார்த்தால் இந்தத் தொழிலில் வட்டிக்கடை எங்கெங்கே நடக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். நிமிஷக் கணக்கில் காசு கழியும் ஆப்களில் டாரட், ஜோதிடம் எல்லாம் ஓடுகிறது. அழுகிறவர் அழுது முடிப்பதற்குள் மீட்டர் ஏறிவிடும். ஒரே கேள்வியை ஒரே ராத்திரியில் நாலு பேரிடம் கேட்கிறவர்கள் உண்டு, பிடித்த பதில் வரும்வரை. ரீல்ஸில் ஒருவர் கண்ணை நேராகப் பார்த்து, இந்த வீடியோ உங்கள் கண்ணில் பட்டது தற்செயல் இல்லை என்கிறார். உங்கள்மேல் நெகட்டிவ் எனர்ஜி இருக்கிறது, யாரோ கட்டிப் போட்டிருக்கிறார்கள், கிளென்சிங் செய்ய இவ்வளவு, மெழுகுவத்திக்கு இவ்வளவு. பயத்தை முதலில் விற்று, அப்புறம் மருந்தை விற்பது. பரிகாரக்காரர்கள் செய்ததற்கும் இதற்கும் பாத்திரம்தான் வேறு.

சட்டம் இங்கே அதிகம் உதவாது. நியூயார்க் மாநிலத்தில் காசு வாங்கிக்கொண்டு குறி சொல்வது சிறு குற்றம். வெறும் கேளிக்கைக்காக நடக்கும் காட்சி என்றால் மட்டும் விலக்கு. பிரிட்டனில் 1951-ஆம் வருட ஆவி மோசடிச் சட்டத்தை எடுத்துவிட்டு 2008-ல் இந்த விவகாரத்தை நுகர்வோர் பாதுகாப்பு விதிகளுக்குள் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து பலரும் "பொழுதுபோக்குக்காக மட்டும்" என்று ஒரு வரி போட்டுக்கொள்கிறார்கள். நம் ஊரிலும் அந்த வரியைக் காப்பியடித்து இணையப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுகிறோம். என் பக்கத்திலும் இருந்தது. ஜோடி மாறின செருப்போடு வருகிறவர் பொழுதுபோக்கவா வருகிறார்? அந்த வரி அவரைக் காப்பாற்ற எழுதியதில்லை. என்னைக் காப்பாற்ற எழுதியது.

ஆக, நானே சில வேலிகளைப் போட்டுக்கொண்டேன். நோய், பிரசவம், ஆயுள், கோர்ட்டுத் தீர்ப்பு பற்றி அட்டை எடுப்பதில்லை. எதிரில் இல்லாத மூன்றாவது ஆளின் மனசுக்குள் புகுந்து பார்ப்பதில்லை. "அவர் என்னை நினைக்கிறாரா" என்ற கேள்வியில்தான் எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு ஓடுகிறது, விட்டதில் கஷ்டமாகத்தான் இருந்தது. காரியம் முடியாத வீட்டுக்காரர் வந்தால் காபி மட்டும். அதே கேள்விக்கு மூன்று மாதத்துக்குள் மறுபடி கிடையாது. "கார்டு சொல்லுது" என்று சொல்வதை விட்டேன். "எனக்கு இப்படித் தோணுது, உங்களுக்கு இந்தப் படத்துல என்ன தெரியுது?" என்று கேட்கிறேன். வருகிறவர்கள் முதலில் அதிருப்தியோடுதான் பதில் சொல்வார்கள். சொல்லச் சொல்ல அவர்கள் உட்கார்ந்திருக்கும் விதம் மாறும்.

வேலிக்கு வெளியே நிற்கிற ராத்திரிகளும் உண்டு. ஒருநாள் 11 மணிக்கு மேல் ஒரு பையன் பேசினான். இருக்கணுமா வேண்டாமான்னு ஒரு கார்டு மட்டும் எடுங்க என்றான். கட்டு மேஜைமேல்தான் இருந்தது. எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினேன், அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்டேன். கேட்டால் தூண்டிவிடும் என்று பயப்படுவோம். நேராகக் கேட்டால் பாரம் குறையவே செய்யும் என்று சிநேகாவில் பல வருடம் போன் எடுத்த ஒரு தோழி சொல்லியிருந்தாள். சென்னையில் 1986-லிருந்து தற்கொலைத் தடுப்பு வேலையைச் செய்கிற அமைப்பு அது. அவன் பேசினான். பக்கத்து அறையில் அண்ணன் தூங்குவதாகச் சொன்னான். அண்ணனை எழுப்பி அவரிடம் போனைக் கொடுக்கும்வரை நான் வைக்கவில்லை. 14416 என்ற எண்ணை அண்ணனிடம் இரண்டு தடவை சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன், டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், காசில்லை, எந்நேரமும் எடுப்பார்கள். அந்த ராத்திரி எனக்கு டாரட் தெரிந்ததில் ஒரு உபயோகமும் இல்லை. டாரட் பார்ப்பவள் என்பதால்தான் அவன் கூப்பிட்டான் என்பது மட்டும் உண்டு.

வில்லிவாக்கத்து அம்மா இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"இதுக்கெல்லாம் கார்டு கிடையாதும்மா" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கெட்டதா வரும்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு. அதான எடுக்க மாட்டேங்கறீங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எடுக்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன். பயந்து வந்தவருக்கு நம் மௌனமும் ஒரு அட்டைதான், அதையும் திருப்பிப் பார்த்துப் பலன் படித்துவிடுகிறார். தாத்தா வெற்றிலை மென்றபோது யாராவது இப்படி வெளுத்திருப்பார்களோ? அவரிடம் கேட்க இப்போது வழியில்லை.

கட்டை எடுத்து 78 அட்டையையும் படம் மேலே தெரியும்படி மேஜை முழுக்கப் பரப்பினேன். இடம் போதாமல் சில தரையிலும் விழுந்தன. "பாருங்கம்மா. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. இது எலும்புக்கூடு குதிரைமேல வர்றது. இது சூரியன். இது இடி விழுந்த கோபுரம். எது உங்க கையில வந்தாலும் கட்டி கட்டியாத்தான் இருக்கும். மாறாது. ஊசி போட்டுப் பாத்தாத்தான் அது என்னன்னு தெரியும்."

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பது வாளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ராத்திரியில நான் இப்படித்தான் உட்கார்ந்திருக்கேன்" என்றார். பிறகு பேச்சு தானாக வந்தது. பெண் பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. தான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அவளுக்கு யார் சமைப்பது, பணத்துக்கு என்ன செய்வது, வீட்டுக்காரர் கையில் ஒன்றுமில்லை. நாத்தனார் சொன்னதை அவர் நம்பினார் என்பதைவிட, அது அவருக்குத் தோதாக இருந்தது. மார்ச் வரை தள்ளிப்போட ஒரு காரணம். அதற்கு என்னிடம் ஒரு முத்திரை குத்தி வாங்கிப் போக வந்திருந்தார். நான் மட்டும் மங்கலமாக ஒரு அட்டையைத் திருப்பி, அவசரப்பட வேண்டாம்போல இருக்கே என்று சொல்லியிருந்தால்? சொல்லியிருக்கக்கூடிய ஆள்தான் நான், தொழிலுக்கு வந்த புதிதில்.

"ஊசி போட்டுட்டு அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்னு டாக்டர் சொல்லலையாம்மா?"

"சொன்னாங்கபோல. காதுல ஏறல."

ஒரு தாளும் பேனாவும் கொடுத்தேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை அவரையே எழுதச் சொன்னேன். ரொம்ப நாள் கழித்து எழுதுகிற கை. ஊசி பட்டால் பரவுமா என்பதை முதலில் எழுதினார். (பரவும் என்ற பயம் நம் வீடுகளில் வேரோடிக் கிடக்கிறது, அதில் உண்மையில்லை என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப் போகிறார்கள். ஆனால் அதை அவர் டாக்டர் வாயால் கேட்டால்தான் நிற்கும், டாரட் பார்ப்பவள் சொன்னதாக இருந்தால் நாத்தனார் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு என்றாகிவிடும்.) ரிசல்ட் வர எத்தனை நாள். மார்ச் வரைக்கும் தள்ளினால் என்ன ஆகும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா. கடைசியை எழுதிவிட்டுப் பையில் துழாவி அந்தக் காப்பீட்டு அட்டையை எடுத்துப் பார்த்தார். அது பையிலேயேதான் இருந்திருக்கிறது, ஸ்கேன் கவருக்கு அடியில்.

"நாளைக்கு வியாழக்கிழமைதானே? அந்த டாக்டரம்மா வியாழக்கிழமை இருப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எழுந்தபோது 500 ரூபாயை எடுத்துத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்தார். வேண்டாம் என்றேன். "ஓசியில பாத்தா பலிக்காதுங்க" என்றார். "பாக்கவே இல்லையேம்மா" என்றேன். கொஞ்சம் யோசித்து, ஆமாம், பார்க்கவில்லைதான் என்ற முகத்தோடு திருப்பி எடுத்துக்கொண்டார். தரையில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார், மரணமும் கோபுரமும் எல்லாமும் சேர்த்து, வெற்றிலைக் கட்டு மாதிரி அடுக்கி.

வாசலில் செருப்பை மாட்டப் போனவர் அப்படியே நின்றார்.

"அய்யய்யோ. இதையா போட்டுட்டு வந்தேன்?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பழுப்புச் செருப்பைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது எங்க நாத்தனாரோடதுங்க. காலையிலேர்ந்து தேடிட்டிருப்பாங்க."